மந்திரப் பள்ளிக்கூடத்து வாசல் எந்தத் திசை, மாமா?

என் மரியாதைக்கும் சண்டைக்கும் உரிய மாமாவுக்கு,

விளாங்குடி வீட்டிலிருந்து உங்கள் மருமகள் எழுதுகிறேன். நேராகவே எழுதுகிறேன். நடுவில் ஆள் வைக்கவில்லை. சுவரில் தொங்கும் மீனாட்சி காலண்டரையும் தொந்தரவு செய்யவில்லை. நம் இருவருக்கும் தூது போய் அவள் பட்ட பாடு போதும்.

முதலில் ஒரு சேதி. என் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இடது கண்ணும் பின்னாலேயே வருகிறதாம். "நல்லா முத்திருச்சும்மா, எடுத்துருவோம்" என்று டாக்டரம்மா கொல்லையில் பப்பாளி பறிக்கிறாற்போலச் சொன்னார். நான் சித்திரைத் திருவிழா முடியட்டும் என்றேன். அது முடிந்ததும் ஆடி வெள்ளி வந்துவிட்டது. ஆடி போனதும் கொலு. கொலு பொம்மைகளைப் பரணில் ஏற்றிய அன்றே உங்கள் மகன் ஆரம்பித்துவிட்டார். நான் கார்த்திகை விளக்கைச் சொன்னேன். "நம்ம சாமிகளுக்கு லீவே கெடையாதா?" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கத்தி வைப்பார்களாமே. இந்தப் பயத்தை இந்த வீட்டில் யாரிடம் சொன்னால் புரியும்? உங்களிடம்தான் சொல்ல முடியும். ஆபரேஷனுக்குப் போகாமல் இருப்பது எப்படி என்பதை நான் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மருமகள் மாமனாரிடம் நேரே பேசுகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. நான் அத்தையிடம் சொல்வேன். அத்தை உங்களிடம் சொல்வார்கள். உங்கள் பதில் பக்கத்தில் நிற்கிற என் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் அத்தை அதை ஒருமுறை எனக்குத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை கேட்காதவள் போல நிற்பேன். அதுதான் மரியாதை.

அத்தை போன பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை. உங்கள் மகன் காலையில் ஆபீஸ் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். உங்கள் பேத்தி கயல்விழி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க நீங்களும் நானும்தான். முதல் நாள் காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். உங்கள் இரண்டு கண்ணிலும் புரை. டம்ளர் எங்கே இருக்கிறதென்று சொல்லியாக வேண்டும். சுவரில் மீனாட்சி கிளியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, மாமாவுக்குக் காப்பி வச்சிருக்கேன். வலது கைப் பக்கம்" என்றேன்.

நீங்கள் தடவி எடுத்துக் குடித்தீர்கள். கொஞ்சம் யோசித்தீர்கள். நீங்களும் சுவர்ப் பக்கம் திரும்பினீர்கள். "தாயே, சீனி கம்மி."

மதுரையை ஆள்கிறவள் அன்றிலிருந்து நம் வீட்டில் சீனி, உப்பு, மாத்திரை எல்லாம் விசாரிக்கத் தொடங்கினாள்.

கண் புரையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லாதவர்கள் கிடையாது. உங்கள் மகன் சொன்னார். டாக்டர் சொன்னார். எதிர்வீட்டு ஜரீனா அக்கா தன் மாமியாருக்கு எடுத்த கதையைச் சொன்னார். "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. இனிமே இந்தக் கண்ணுக்கு என்ன வேலை?" என்று ஒரே வார்த்தையில் எல்லாரையும் அனுப்பிவிடுவீர்கள். அத்தையின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லும்போது யாருக்குத்தான் மேலே பேச வாய் வரும்? வர வர எழுந்து வாசலுக்குப் போவதையும் விட்டுவிட்டீர்கள். நாற்காலியும் நீங்களும் ஒன்றாகிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கண்ணைவிட அதுதான் கவலை.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது.

கயல்விழி யாரோ சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்த இங்கிலீஷ் கதைப் புத்தகம். ஐரோப்பாவில் மூன்று மந்திரப் பள்ளிக்கூடங்கள். ஒன்று கடலோரம், ஒன்று மலைமேல், ஒன்று பனிக்காட்டில். பிள்ளைகள் லண்டனில் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் ஏறிப் பறந்து பள்ளிக்கூடம் போவார்கள். பள்ளிக்கூடம் இருப்பது எந்த நாடு, எந்த ஊர் என்று மட்டும் எழுதினவர் சொல்லவே மாட்டார். கயல் சாயங்காலம் உங்களுக்கு ஒரு அத்தியாயம் சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். மறுநாள் மத்தியானம் நீங்கள் சுவரைப் பார்த்து, "தாயே, அந்தக் கதவுல போன பிள்ளைக எறங்குச்சா இல்லையா, தெரியலையே" என்றீர்கள்.

நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் சோப்பு உறையிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் வீட்டுக்குள் வந்த இங்கிலீஷ் எதையும் படிக்காமல் வெளியே விட்டதில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். மாந்திரீகக் கதையாயிற்றே என்று மனசு உறுத்தியது. வெள்ளிக்கிழமை கோயிலில் நெய்விளக்கு ஏற்றி, "பிள்ளைகள் கதைதானம்மா" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவளுக்கும் மேற்கொண்டு கேட்க ஆசையாக இருந்திருக்கும். தடை ஒன்றும் வரவில்லை.

நீங்கள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உலகத்தில் எவன் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டீர்கள். "தாயே, ஊர்ப் பேரைச் சொல்லாம பிரயாணம் பண்றவன் எவனும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். இந்தாளு எதையோ மறைக்கிறாரு. கண்டுபிடிச்சுரணும்" என்றீர்கள். எழுதினவரைப் பிடித்து அடுத்த ஸ்டேஷனில் இறக்குகிற குரல் அது. நாற்காலியை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

மலைப் பள்ளிக்கூடம் சுலபமாக முடிந்தது. மாட்டு மணி கேட்கிறது, புல் சரிவு இருக்கிறது, சுத்திலும் பனி மலை. "சினிமாவுல சேலையக் கட்டிக்கிட்டு நடுங்கி நடுங்கி ஆடுவாங்களே, அந்த எடந்தான்" என்றீர்கள். சுவிட்சர்லாந்து. பனிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வெந்நீர் ஆவி அறையில் உட்கார்ந்துவிட்டு அப்படியே ஓடிப்போய்ப் பனியில் விழுகிறார்கள். பின்லாந்தில் அப்படிக் குளிப்பார்கள் என்று கயல் சொன்னாள். எண்ணெய் தேய்க்காமல் இப்படிக் குளித்தால் ஜன்னி வராதா என்று நான் மீனாட்சியிடம் கேட்டதற்கு, "தாயே, அவங்க ஊரு குளியலு நமக்கெதுக்கு? பள்ளிக்கூடம் எங்கேன்னு மட்டும் பார்க்கச் சொல்லு" என்று தீர்ப்பு வந்தது.

கடலோரப் பள்ளிக்கூடம்தான் நம்மைச் சோறு தின்ன விடவில்லை.

நான் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரிந்த வழியில் போனேன். வரவு செலவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஆதாரத்தை வரவாகவும், இடிக்கிறதைச் செலவாகவும் போட்டேன். குளிர்காலம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் மெழுகுவத்தியாக எரிகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு விளக்குப் போடுகிறார்கள். அப்படியானால் நல்ல வடக்கத்தி ஊர். துணி நாள் கணக்கில் காயவில்லை. அப்படியானால் கடல் காற்று. சமையல்காரம்மா மீனைப் புகையில் தொங்கவிடுகிறார். எல்லாம் நார்வே நாட்டின் தெற்குக் கரையைக் காட்டின. உங்கள் வழி வேறு. "கதவு எம்புட்டு வேகம் போகும்? காத்து எதுக்கும்ல. பாசஞ்சர் வண்டி வேகந்தான் போகும். நடுவுல கிராசிங் கெடையாது, சரி, கொஞ்சம் கூட்டிக்க." பிள்ளைகள் பறந்த நேரத்தை வைத்து இப்படிக் கணக்குப் போட்டு ஸ்காட்லாந்து என்று நின்றீர்கள்.

என் பக்கம் பெரிய ஆதாரம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றால் வடக்கே மலை, தெற்கே கடல். நான் படித்துச் சொன்னது அப்படித்தான். ஸ்காட்லாந்தில் வடக்கே மலையும் தெற்கே கடலுமாக அமைந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நார்வேயில் கிடைத்தது. அதை உங்களுக்குக் காட்ட வேண்டுமே. கயலின் அட்லாஸை மடியில் வைத்தாயிற்று. உங்களுக்கு எல்லாம் மேகமூட்டம். விரலைப் பிடித்து வைத்துக் காட்டலாம் என்றால் மாமனார் கையை மருமகள் தொடுவதாவது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நார்வே மேல் ஒட்டினேன். "தாயே, மேடா ஒண்ணு தட்டுப்படும், அதுதான் பள்ளிக்கூடம்" என்றேன். நீங்கள் கேட்டீர்கள் என்று ஸ்காட்லாந்துக்கும் ஒரு பொட்டு. லண்டனுக்கு ஒன்று, அங்கிருந்துதானே பிள்ளைகள் புறப்படுகிறார்கள். கயல் அவசரத்தில் அந்த அட்லாஸைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். "ஐரோப்பாவுக்கே பொட்டு வச்சு அனுப்பியிருக்காங்க, உங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்று புவியியல் டீச்சர் கேட்டாராம்.

ஜரீனா அக்கா ஒரு நாள் மத்தியானம் எலுமிச்சம்பழம் கேட்டு வந்தவர் நம் வழக்கு நடக்கிற அழகைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அடுப்படிக்குள் என்னை இழுத்துப்போய், "ஏன்டி, ஆகாசத்துல பறக்குற கதவுக்கு ரூட்டுப் போடுறீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்க மனுசர்ட்ட ரெண்டு வார்த்தை நேராப் பேச மாட்டியாக்கும்?" என்றார்.

"பழக்கம் இல்லக்கா."

"உங்கம்மனுக்குத்தான்டி மொதல்ல சம்பளம் குடுக்கணும்."

பிறகு வந்தது அந்தப் பெரிய சண்டை. ஒரு நாள் காலையில் அட்லாஸைத் திறந்தால் நார்வேயில் பொட்டைக் காணோம். ஸ்பெயினில் இருந்தது. உங்கள் விரலில் ஒட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "தாயே, பள்ளிக்கூடம் ராத்திரியோட ராத்திரியா ஸ்பெயினுக்குப் போயிருச்சு. யாரு கொண்டுபோனாங்கன்னு தெரியலை" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் போய்விட்டது.

உங்கள் முகம் சிவந்தது. "தாயே, கண்ணு தெரியாதவன்னு ஊரையே மாத்தி மாத்தி வைக்கிறாங்க. நார்வேங்குறாங்க, மலைங்குறாங்க, எல்லாம் இவங்க படிச்சுச் சொல்றதுதானே? எத நம்புறது?" அன்று சாயங்காலம் உங்கள் மகன் செருப்பைக் கழற்றுவதற்குள், "டேய், அந்தக் கண்ணாஸ்பத்திரிக்கு என்னைக்குடா போகணும்?" என்றீர்கள்.

அவர் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். "எதுக்குப்பா?"

"மேப்பு பாக்கணும்."

எத்தனை பேர் எப்படி எப்படிக் கெஞ்சியும் நடக்காதது, மருமகள் பொய் சொல்கிறாள் என்ற ஒரே சந்தேகத்தில் நடந்தது. அன்று நான் மீனாட்சியிடம் தனியாக ஒரு வார்த்தை பேசினேன். அது தூது இல்லை. எனக்கும் அவளுக்கும் உள்ளது.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு சொட்டு மருந்து விடுகிற கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். பகலில் விடுவதற்கு என்னைத் தவிர யாருமில்லை. தொடாமல் விட வேண்டும். நான் எட்ட நின்று கையை நீட்டி, "தாயே, மாமாவை மேல பார்க்கச் சொல்லு" என்பேன். சொட்டு கன்னத்தில் விழும். "தாயே, கன்னத்துக்கு ஆபரேஷன் பண்ணலைன்னு சொல்லு" என்பீர்கள். கண்ணுக்குள் போனதைவிடத் தலையணை குடித்ததுதான் அதிகம். அப்படியும் கண் தேறி வந்தது என்றால் அதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.

புதுக் கண்ணாடி வந்தது. நீங்கள் அத்தையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தீர்கள். பிறகு வந்து உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தீர்கள். முதல் பக்கத்திலிருந்து. நாள் பூராவும் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. "தாயே, காப்பி" என்றுகூட வரவில்லை. வைத்த காப்பி ஆடை படர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி நிலைப்படியில் நிழல் விழுந்தது. நீங்கள் அதுவரை அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. கையில் புத்தகம். விரல் ஒரு பக்கத்துக்குள் செருகியிருந்தது.

"ஏம்மா, வடக்கு எங்க இருக்கு?"

நான் பதறிப்போய்க் கரண்டியாலேயே ஜன்னல் பக்கம் காட்டினேன்.

"அங்க இருக்கது எனக்குத் தெரியும். புஸ்தகத்துல எங்க இருக்கு? காட்டு."

நான் வாங்கிப் பார்த்தேன். வாசலில் நின்றால் இடது கைப் பக்கம் மலை, வலது கைப் பக்கம் கடல். அவ்வளவுதான் எழுதியிருந்தது. வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை.

"வாசல்ல நின்னா இடது கை வடக்குதானே மாமா?"

"எப்படி?"

"வாசல் கிழக்கால தானே இருக்கும்?"

"கிழக்கேன்னு உனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நம் வீட்டு வாசல் கிழக்கு. என் பிறந்த வீட்டு வாசல் கிழக்கு. அம்மன் சந்நிதி வாசல் கிழக்கு. இம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள், அதுவும் மந்திரம் தெரிந்தவர்கள், வாசலை வேறு பக்கம் வைப்பார்கள் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இடது என்று வந்ததும் வடக்கு என்று என் வாயே மாற்றிக்கொண்டது.

நீங்கள் இன்னொரு பக்கத்தைத் திருப்பினீர்கள். பரீட்சை முடிந்த சாயங்காலம் பிள்ளைகள் வாசல்படியில் உட்கார்ந்து எதிரே சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். "மறையிறது எதுத்தாப்புல. அப்ப வாசல் மேக்க. இந்த வரிய எனக்குப் படிச்சே காட்டலையே?"

"எழுதினவரு தப்பா எழுதிட்டாரு போலன்னு விட்டுட்டேன் மாமா."

நீங்கள் சிரித்தீர்கள். அத்தை போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. "டிக்கெட் இல்லாம மாட்டுறவன் எல்லாரும் இதத்தாம்மா சொல்லுவான். ரயில்வேக்காரன் தப்பா அச்சடிச்சுட்டான்னு."

வாசலை மேற்கே திருப்பினோம். இடது கை தெற்கு, வலது கை வடக்கு. மலை தெற்கே போயிற்று, கடல் வடக்கே வந்தது. என் நார்வே கடலில் மூழ்கியது. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரை அப்படியே பொருந்தியது. நீங்களே ஒரு பொட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் கையால் அழுத்தி ஒட்டினீர்கள்.

அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. நடுவில் ஆள் இல்லை. நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். மீனாட்சி கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கென்ன என்று.

"காப்பி கொண்டா" என்றீர்கள். நேராக என்னிடம்.

அந்த வருஷங்களை நான் மறக்கவில்லை, மாமா. அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. கயல் படித்து முடிக்குமுன் நாம் பிடுங்கிக்கொண்டோம். நீங்கள் இங்கிலீஷில் படிப்பீர்கள், நான் மெழுகுவத்திக் கணக்கைச் சொல்லி எதிர்வாதம் செய்வேன். ஸ்காட்லாந்து என்று வாயால் ஒப்புக்கொண்டேனே தவிர மனசு ஒப்பவில்லை. மேற்கு பார்த்த வாசலில் ஒரு பள்ளிக்கூடம் விளங்குமா? கடைசிப் பாகம் வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னீர்கள். அது வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது உங்கள் பேத்தி சேதியைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அவளை அனுப்பியிருப்பது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்து! நான் சொல்லக் கேட்ட ஜரீனா அக்கா, "அந்த மனுசரு மேல போயும் விட மாட்டேங்குறாரே" என்றார். கயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நீங்கள் பொட்டு வைத்த கரைக்கே போயிருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடம் இல்லையாம். செம்மறியாட்டுக் கூட்டமும் ஒரு ஓட்டைக் கொட்டகையும்தான். "பின்னே, போர்டு மாட்டியா வச்சிருப்பாங்க? மறைச்சுத்தான் வச்சிருப்பாங்க" என்று நான் சொன்னேன். உங்கள் குரல் என் வாயிலிருந்து வந்தது போல இருந்தது.

பெரிய சேதி இனிமேல்தான். போனில் அவள் சொன்னாள். "அம்மா, இங்க ஆனி மாசத்துல சூரியன் மேக்கால மறையலம்மா. நல்லா வடக்கால தள்ளிப் போயி மறையுது. நானே நின்னு பார்த்தேன். அந்தப் பிள்ளைக படியில உட்கார்ந்து பார்த்தது பரீட்சை லீவு சமயம்தானே? அப்ப அதுவும் ஆனி மாசம்தான்!"

உட்கார்ந்துகொள்ளுங்கள், மாமா. வாசல் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. கிட்டத்தட்ட வடக்கு. இடது கை மேற்கு, வலது கை கிழக்கு. மலை மேற்கே, கடல் கிழக்கே. நான் மட்டும் இல்லை, நீங்களும் தப்பு! வடக்குக் கரையே இல்லை. வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்பட வேண்டும்.

அந்தக் கடைசிப் பாகமும் வந்துவிட்டது. கயல் அங்கிருந்து பார்சலில் அனுப்பியிருக்கிறாள். அதில் ஊர் தெரிந்துவிடுகிறதாம். எனக்குப் பிரித்ததும் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். உங்கள் மகனைப் படிக்கச் சொன்னேன். நாலு வரி படித்தார், ஒரு கொட்டாவி விட்டார், "இதுல ஊரெல்லாம் ஒண்ணும் இல்ல, கெழவி ஒருத்தி பேசிக்கிட்டே இருக்கா" என்றார். அவர் எத்தனை வரியைத் தாண்டினாரோ, எந்த இடதை எந்த வடக்காக மாற்றினாரோ, யார் கண்டது? நான் பிடுங்கி வைத்துவிட்டேன். இன்னொருவர் படித்துச் சொல்வதை எப்படி நம்புவது?

கயலுக்குப் போன் போட்டேன். "ஊரை மட்டும் சொல்லிரு தாயி."

"முடியாதும்மா."

"ஏன்டி?"

"கண்ணுல புரைய எடுத்துட்டு நீங்களே படிங்க. தாத்தா அப்படித்தானே படிச்சாரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திருட்டுக் கழுதை, வேண்டுமென்றே பொடி எழுத்துப் புத்தகமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். அச்சு அசல் உங்கள் ரத்தம். டிக்கெட் கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், மாமா.

ஆபரேஷன் முடிந்த வாரத்தில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அப்போது மீனாட்சியிடம்தான் சொன்னீர்கள், ஆனால் எனக்காகத்தான் என்று தெரியும். "தாயே, உள்ள ஒண்ணுமே தெரியல. கலர் கலரா வெளிச்சம் ஓடுது, சித்திரைத் திருவிழா பந்தல்ல சீரியல் லைட்டு போட்ட மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு. இதுக்கா இம்புட்டு நாள் பயந்தேன்?" இந்தச் சில நாளாக அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். திருவிழாப் பந்தல் என்றால் எனக்குப் பயமில்லை. திருவிழாவைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டவளுக்குக் கண்ணுக்குள்ளேயே திருவிழா என்றால் இனி என்ன சாக்கு இருக்கிறது?

ஆகையால் சொல்லிவிடுகிறேன். கார்த்திகைக்குக் காத்திருக்கப் போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்கள் மகனிடம் சொல்லிவிட்டேன். "எதுக்கு?" என்று கேட்டார். "மேப்பு பாக்கணும்" என்றேன். அவர் பரணில் ஏறி அந்தப் பழைய அட்லாஸை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார். பொட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது. தடவிப் பார்த்தால் பசை மட்டும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, உங்கள் ஊரிலும் என் ஊரிலும்.

கட்டுப் பிரித்துக் கண்ணாடி வந்ததும் உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன். இடதை இடது என்றே படிப்பேன். சூரியன் எந்தப் பக்கம் மறைந்தாலும் ஒரு வரியும் தாண்ட மாட்டேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். படிக்கப் படிக்க, கடைசியில் அது நார்வேதான் என்று வந்துவிட்டால், தோற்றதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அம்மனிடம் சொல்லி அனுப்பாதீர்கள். என்னிடம் நேராகச் சொல்லுங்கள், மாமா.

காப்பியை வலது கைப் பக்கம் வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
உங்கள் மருமகள்